கைமுனுவின் கட்டிலும் எல்லாளன் மணியும்

மகாவமிசத்தின் 22ஆம் அதிகாரத்தில் ஒரு சிறுவன் கட்டிலிற் கைகால்களை முடக்கிக்கொண்டு படுத்திருக்கிறான். அவ்வாறு முடங்கிக் கிடப்பதேன் என்று தாய் அன்போடு வினவுகிறாள். ஆற்றுக்கு அப்பால் தமிழரும் மறுபுறத்திற் கடலும் தன்னை நெருக்குவதாக அவன் விடையிறுக்கிறான். சிறுவன் பெயர் காமணி. பின்னர்த் துட்டகைமுனு எனப் பெயர் பெற்றவன். தாய் விகாரமாதேவி.

மகாநாமர் இந்நூலைப் பாலிமொழியில் இயற்றிய காலம் கி.பி. 5ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 6ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்பர். அச்சிறுவன் வாழ்ந்ததோ கி.மு. 2ஆம் நூற்றாண்டில். இடையே அறுநூறு ஆண்டுகளுக்கு மேற் கழிந்துவிட்டன. எனவே கட்டிலருகே நின்று கேட்டெழுதியவர் எவருமிலர். காட்சி புலவராற் சமைக்கப்பட்டது, அல்லது வாய்மொழி மரபிலிருந்து எடுத்துச் செப்பஞ் செய்யப்பட்டது. ஆயினும் ஈழத்தில் எழுதப்பெற்ற நூல்களுள், சிறுவர் உள்ளத்தில் இத்துணை ஆழமாகப் பதிந்த காட்சி பிறிதொன்று உண்டோ என்பது ஐயம். போர்க்களத்துச் செய்திகளை மறந்துவிட்ட முதியோரும் முடங்கிக் கிடந்த பிள்ளையை மறப்பதில்லை.

பிள்ளையானது தன்னினம், பிறவினம் என்னும் வேறுபாட்டையும், அதனோடொட்டித் தன்னைப் பற்றிய மதிப்பையும் எவ்விடத்திற் பெறுகிறது என்பதை உளநூலார் பலபட ஆராய்ந்துள்ளனர். இவ்வாராய்ச்சிக்குக் கொழும்பு ஆசிரியர் ஒருவர் நெடுந்தொலை செல்லவேண்டியதில்லை. கல்கிசையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒரே தெருவில் வாழும் இருமொழிப் பிள்ளைகள் இக்கதையைத் தத்தம் வகுப்பறைகளிற் கற்கின்றனர். ஒரு பிள்ளைக்குக் கட்டிலிற் கிடப்பவன் தான். மற்றப் பிள்ளைக்கோ, அக்கட்டிலைக் குறுக்கிய சுவர் தான். இஃது எங்ஙனம் நேர்ந்தது என்பதும், மூலநூல் இதற்கு எத்துணைப் பொறுப்புடையது, மூலநூலைச் சுருக்கியவர்கள் எத்துணைப் பொறுப்புடையவர்கள் என்பதும் ஆராயத்தக்கன.

முதற்கண் மூலநூலை நோக்குவோம். சிறுவன் கட்டிலுக்குச் செல்வதற்கு முன் நடந்தது யாது? உருகுணை நாட்டரசன் காவந்தீசன், பிக்குகளுக்கு அமுதளித்து எஞ்சிய சோற்றை மூன்று கூறாக்கித் தன் புதல்வர் இருவர் முன்னும் வைக்கின்றான். அப்போது அவர்களுக்கு வயது 12, 10. பிக்குகளுக்கு மாறாக நடவோம் என்று எண்ணி ஒரு கூற்றை உண்ணச் சொல்கிறான், உண்கின்றனர். உடன்பிறந்தார் இருவரும் பகையோம் என்று எண்ணி அடுத்ததை உண்ணச் சொல்கிறான், அதனையும் உண்கின்றனர். தமிழரோடு பொரோம் என்று எண்ணி மூன்றாங் கூற்றை உண்ணச் சொன்னபோது இளையவன் திஸ்ஸன் சோற்றைத் தட்டிவிடுகிறான். காமணியும் கவளத்தை எறிந்துவிட்டுக் கட்டிலுக்குச் செல்கிறான்.

இக்காட்சியை ஊன்றி நோக்குவார்க்கு ஓருண்மை புலனாகும். முதலிரண்டு உறுதிமொழிகளும் சிறுவர் நாள்தோறும் காணும் மனிதரைப் பற்றியவை. பிக்குகளை அவர்கள் அறிவர், ஒருவரையொருவர் அறிவர். மூன்றாவது உறுதிமொழியோ அவர்கள் கண்ணாற் கண்டதாக நூல் எங்கும் கூறாத மக்களைப் பற்றியது. மாகமையிலிருந்து அநுராதபுரம் பன்னாட் பயணத் தொலைவிலுள்ளது. அங்கிருந்த தமிழர் எவரும் அச்சிறுவனைத் தொட்டாரல்லர், வைதாரல்லர். பகையைத் தவிர்க்கவே தந்தை முயன்றான். ஆயினும் தவிர்க்கவேண்டிய பகைவர் இன்னார் என்று பெயர் சுட்டியவனும் அவனே. பிள்ளைகளை ‘இன்னாரோடு சண்டை பிடியாதே’ என்று தடுக்கும் பெற்றோர், அவ்வொரு சொல்லாலேயே ‘இன்னார்’ என ஒரு கூட்டம் தனித்துண்டு என்பதைக் கற்பித்துவிடுகின்றனர். மகாநாமர் இதனை வேண்டுமென்றே காட்டினாரா என்று துணிதற்கில்லை. காட்டியிருக்கிறார் என்பது மட்டும் உண்மை.

தாயின் பங்கு இன்னும் ஆழமானது. கருவுற்ற காலத்தில் விகாரமாதேவிக்கு உண்டான மசக்கை விருப்பங்களை நூல் விரித்துரைக்கிறது. அவற்றுள் ஒன்று, எல்லாளனின் படைவீரருள் முதல்வனது தலையைக் கொய்த வாளைக் கழுவிய நீரை, அத்தலைமீது நின்றவாறே பருகவேண்டும் என்பது. பிறக்குமுன்னரே பிள்ளையின் குருதியிற் பகை கலந்துவிட்டது என்பது இதன் குறிப்பு. பண்டைக் காப்பியங்களில் தலைவனின் பிற்கால வெற்றியை இவ்வாறு கருவிலேயே உணர்த்துவது மரபாதலின் இதனை இலக்கிய உத்தியாக மட்டும் கொள்வாரும் உளர். அது பொருந்தும். ஆனால் இக்கதையைக் கேட்கும் பத்து வயதுப் பிள்ளைக்குக் காப்பிய உத்தி தெரியாது. இனப்பகை பிறவியோடு வருவது, கற்றுக்கொள்வதன்று என்றே அது விளங்கிக்கொள்ளும். நூலிலுள்ள இரு விளக்கங்களுள், மூன்று கவளங்களின் கதை உண்மைக்கு அணித்தானது. மசக்கைக் கதை சேய்த்தானது. பொதுமக்களிடையே பின்னதே பெரிதும் பரவியது என்பது வருந்தத்தக்கது.

இனி, இவ்வதிகாரத்துக்கு முன்னுள்ள 21ஆம் அதிகாரத்திலும் ஒரு கட்டில் உண்டு. அது எல்லாளனுடையது. சோழநாட்டிலிருந்து ஆட்சியைக் கைப்பற்ற வந்தவன் என்று அவனை அறிமுகஞ் செய்யும் மகாநாமர், 44 ஆண்டுகள் நட்டாரிடத்தும் பகைத்தாரிடத்தும் ஒரு தன்மையாக நீதி செலுத்தினான் என்றும் கூறுகிறார். அவன் கட்டிலின் தலைமாட்டில் ஒரு மணி தொங்கியது. அதன் நீண்ட கயிறு வெளியே விடப்பட்டிருந்தது. முறை வேண்டினார் எவரும் அதனை இழுக்கலாம். கன்றை இழந்த பசு இழுத்தது. தேர்க்காலிற் கன்றைக் கொன்ற தன் மகனை அதே தேர்க்காலில் இட்டான். பாம்பினாற் குஞ்சை இழந்த பறவை இழுத்தது. காயவைத்த அரிசி பருவமல்லாப் பருவத்து மழையில் நனைந்துவிட்ட கிழவி இழுத்தாள். அவன் தேரின் நுகம் பட்டுத் தூபி ஒன்றின் 15 கற்கள் பெயர்ந்தபோது, தன் தலையைக் கொய்யுமாறு அமைச்சரிடம் வேண்டி, அவர் மறுக்கவே, அக்கற்களைச் சீர்செய்ய 15,000 கஹாபணம் செலவிட்டான் என்பதும் அங்கேயே உள்ளது.

அடுத்தடுத்த இரண்டு அதிகாரங்களில் இரண்டு கட்டில்களை ஒரே கை வைத்திருக்கிறது. ஒன்றில் உறங்குபவன் எவர் துயருக்கும் எழும்புதற்குத் தன் உறக்கத்தையே வெளியாருக்குத் திறந்து வைத்திருக்கிறான். மற்றொன்றிற் கிடப்பவன் பிறர் இருப்பதனாலேயே தன் கட்டில் ஒடுங்கிற்று என நினைக்கிறான். மகாநாமர் தம் சமயத்துக்கும் தம் விகாரைக்கும் ஆட்பட்டவர்; அவருடைய தலைவன் யார் என்பதில் ஐயமில்லை. நூலின் 37 அதிகாரங்களுள் 22 முதல் 32 வரையுள்ள 11 அதிகாரங்கள் துட்டகைமுனுவுக்கே உரியவை. அதற்கு முற்பட்ட தீபவமிசத்தில் அவனுக்குக் கிடைத்த இடமோ மிகச் சிறிது. இவ்வளவு பெருக்கிய புலவர், தம் தலைவனுக்குப் பகைவனாக ஒரு கொடியவனை அமைத்திருக்கலாம். அமைத்தாரில்லை. அவர் பகைவனுக்குச் செய்த நேர்மையைப் பிற்காலத்தார் அவருக்கே செய்யவில்லை.

பிற்காலத்தார் செய்தது யாதெனின், கட்டில்களைப் பிரித்து இரு வீடுகளுக்கு அனுப்பியதே. சிங்களப் பிள்ளைக்கு ஒடுங்கிய கட்டில் சென்றது. தமிழ்ப் பிள்ளைக்கு மணி தொங்கிய கட்டில் சென்றது. அதுவும் பெரும்பாலும் மகாவமிசத்தின் வழியாகவன்றிப் பெரியபுராணத்துத் திருவாரூர் மனுவேந்தன் கதையோடு கலந்தே சென்றது.

இலங்கையில் தாய்மொழிக் கல்வி 1940களில் ஆரம்ப வகுப்புகளிற் தொடங்கிப் பின்னர் மேல்வகுப்புகளுக்கும் பரவியது. தாய்மொழியிற் கற்பது பிள்ளையின் உரிமை. அதனை எவரும் குறைகூறார். ஆயினும் அதனோடு வந்த ஒரு விளைவையும் மறைத்தற்கில்லை. ஒரே பாடசாலையில் இரு மொழிப் பிரிவுகள் இருந்தாலும் இடையே ஒரு சுவர் எழுந்தது. ஒரு வகுப்பிற் சொல்லப்படுவது மறு வகுப்புக்குக் கேட்காது. 1980களின் தொடக்கத்தில் றெஜி சிறிவர்த்தன, கா. இந்திரபாலா, சுனில் பஸ்தியன் முதலியோர் பாடசாலை நூல்களையும் இனவுறவுகளையும் பற்றி ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டனர். சிங்கள வாசிப்பு நூல்களில் இந்நாட்டின் பிற மக்கள் பெரும்பாலும் இடம்பெறாமையையும், இடம்பெறுமிடத்துப் பழைய காலத்துப் படையெடுப்பாளராகத் தோன்றுவதையும் சிறிவர்த்தன எடுத்துக்காட்டினார். பிள்ளைக்கு வெறுப்பைக் கற்பிக்க வசைமொழி ஒன்றும் வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை பாடநூலில் எங்கும் இல்லாதிருந்தாலே போதுமானது. அவ்வாராய்ச்சியின் பயன்மிக்க பகுதி இதுவே.

1972இல் வரலாறும் புவியியலும் சமூகக்கல்வியுள் அடங்கின. 2007 முதல் வரலாறு மீண்டும் தனிப்பாடமாகியது. வரலாற்று நூல்கள் பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்பெற்றுத் தமிழிற் பெயர்க்கப்படுகின்றன. மொழிபெயர்ப்பிலுள்ள எழுத்துப் பிழைகளையும் பெயர்ப் பிழைகளையும் பற்றித் தமிழாசிரியர் அடிக்கடி முறையிடுகின்றனர், அம்முறையீடு நியாயமானதே. ஆனால் எழுத்துப்பிழையைத் திருத்திவிடலாம். திருத்தமுடியாத இடம் ‘எமது’ என்னும் சொல். ‘எமது மன்னர்’, ‘எமது முன்னோர்’ என்று ஒரு நூல் கூறும்போது எழுதியவரும் வாசிப்பவரும் ஒரே ‘எமது’வுள் இருப்பதாகக் கருதப்படுகிறது. மொழிபெயர்ப்பாளர் அச்சொல்லைப் பிழையின்றிப் பெயர்த்துவிடுவார். வாசிக்கும் பிள்ளை மாறிவிடுவதை அவர் என் செய்வார்? கல்கிசைத் தமிழ்ப் பிள்ளை அச்சொல்லை வாசிக்கையில் இரண்டிலொன்றைச் செய்யவேண்டும். அச்சொல்லினுள் தானும் இருப்பதாக நடித்துத் தன் மூதாதையரை வெளியே நிறுத்தவேண்டும். அல்லது தானும் வெளியே நின்றுகொண்டு பரீட்சைக்கு மட்டும் விடை எழுதவேண்டும். புள்ளி இரண்டுக்கும் ஒன்றே. பெரும்பாலோர் இரண்டாவதையே தேர்கின்றனர். பாடத்தைப் பாடமாக்கி மறந்துவிடுதல் தமிழ் மாணவரிடம் வரலாற்றுப் பாடத்தில் மிகுதியாகக் காணப்படுவதற்குச் சோம்பல் மட்டுமே காரணமன்று.

வகுப்பறையை விட்டு வெளியே வந்தாலும் கதை தொடர்கின்றது. முன்னர் விக்டோரியாப் பூங்கா எனப்பட்டது இன்று விகாரமாதேவிப் பூங்கா. கொழும்பிலுள்ள எல்லா இனத்துப் பிள்ளைகளும் அங்கே ஊஞ்சலாடுகின்றனர். கொகுவலையில் துட்டகைமுனு வீதி இருக்கிறது. ஊர்ப்பெயரும் வீதிப்பெயரும் வைப்பதிற் குற்றமில்லை. கல்கிசைக்கே ‘மவுண்ட் லவீனியா’ என்று ஆங்கிலத் தேசாதிபதி காலத்துப் பெயரொன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் எவர் மதிப்பும் குன்றவில்லை. பெயர்ப்பலகைகளைவிடப் பிள்ளைக்கு வலிமையாகக் கற்பிப்பவை பேசப்படாத செய்கைகளே.

அத்தகைய செய்கையொன்றைக் கொழும்புத் தமிழர் எவரும் அறிவர். 1958ஆம் ஆண்டுக் கலவரத்திலும் 1983ஆம் ஆண்டு யூலைக் கலவரத்திலும் தெருவில் மறிக்கப்பட்டவர்கள், வாளியைக் குறிக்கும் ‘பால்திய’ போன்ற சிங்களச் சொற்களைச் சொல்லுமாறு பணிக்கப்பட்டு, உச்சரிப்பினால் இனங்காணப்பட்ட செய்தி பரவலாகப் பதிவாகியுள்ளது. அதன்பின் பல்லாண்டுகள், காலி வீதியிற் பேருந்தில் ஏறுமுன் தாய் தன் நெற்றிப் பொட்டை முந்தானையால் துடைத்துக்கொள்வதும், பிள்ளை தமிழில் ஏதேனும் கேட்டால் ‘மெல்லக் கதை’ என்று அதன் கையை அழுத்துவதும் வழக்கமாயின. அத்தாய் பிள்ளைக்கு எவ்வுபதேசமும் செய்யவில்லை. தன் மொழி வீட்டுக்கு வெளியே உரத்துப் பேசத்தகாதது என்பதை அப்பிள்ளை ஒரு கையழுத்தத்திற் கற்றது. கைமுனுவின் தாய் கட்டிலருகே நின்று நீட்டிப் படுக்கச் சொன்னாள். இத்தாயோ பேருந்திருக்கையில் முடங்கியிருக்கச் சொன்னாள். இருவரையும் தூண்டியது பிள்ளைப் பாசமே என்பதுதான் இதில் நெஞ்சை வருத்துவது.

அமெரிக்க நாட்டில் கெனெத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் நீக்ரோ இனத்து உளநூலறிஞராகிய தம்பதியர் 1940களில் நடத்திய பொம்மைச் சோதனை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. நிறமொன்றைத் தவிரப் பிறவாற்றான் ஒத்த வெள்ளைப் பொம்மைகளையும் கபிலப் பொம்மைகளையும் 3 முதல் 7 வயது வரையுள்ள 253 கறுப்பினப் பிள்ளைகளின் முன் வைத்தனர். விளையாட விரும்பும் பொம்மை எதுவென வினவியபோது, ஏறக்குறைய மூன்றிலிரு பங்கினர் வெள்ளைப் பொம்மையையே சுட்டினர். உன்னைப் போன்ற பொம்மை எது என்னும் கேள்வி வந்தபோது சில பிள்ளைகள் அழுதுகொண்டு வெளியே ஓடினர் என்றும் கிளார்க் குறித்துள்ளார். 1954 மே 17இல் நிறவாரியாகப் பிரிந்த பாடசாலைகளை அமெரிக்க உயர்நீதிமன்றம் சட்டத்துக்கு முரணானவையெனத் தீர்த்தபோது, கிளார்க்கின் ஆராய்ச்சியும் அடிக்குறிப்பில் எடுத்தாளப்பட்டது. பலர் அறியாத இன்னொரு செய்தி: கலப்புப் பாடசாலைகளிற் கற்ற வடமாநிலப் பிள்ளைகள், தனிப்பாடசாலைகளிற் கற்ற தென்மாநிலப் பிள்ளைகளைவிடச் சற்றுக் கூடுதலாகவே வெள்ளைப் பொம்மையை விரும்பினர். ஆகவே இரு பிள்ளைகளை ஒரு வாங்கில் இருத்துவதனால் மட்டும் காரியம் முடிந்துவிடாது. வாங்கில் இருந்துகொண்டு அவர்கள் எதனை வாசிக்கின்றனர் என்பதும் கேட்கப்படவேண்டும். பிறந்த பெண்பிள்ளையைப் பார்க்க வருவோர் முதலில் அதன் நிறத்தைப் பற்றியே பேசும் தமிழ் வீடுகளில் இச்சோதனையை நடத்தினால் விளைவு எவ்வாறிருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

இதுகாறும் கூறியவற்றாற் குறையெல்லாம் ஒரு பக்கத்தே என்று கொள்ளற்க. மணி தொங்கிய கட்டிலைப் பெற்ற தமிழ்ப் பிள்ளை அதனை என்ன செய்தது? எல்லாளன் கதையிற் சிறப்பு, அரச குமாரனும் ஒரு பசுக்கன்றும் ஒரே நிறையுடையோர் என்பதே. முறைமணியின் கயிறு எவர் கைக்கும் எட்டும். ஆயின் தமிழ் வீட்டிற் கதை சொல்லப்படும்போது நிறைகோல் மறைந்து, ‘எங்கள் அரசன் நீதிமான், பகைவனும் புகழ்ந்தான்’ என்னும் பெருமை மட்டும் நிற்கின்றது. அப்பெருமையை ஊட்டிய அதே வீட்டில், சிங்களவர் ‘மோடர்’ என்பதையும், மலையகத்தில் உழைப்பவன் ‘தோட்டக்காட்டான்’ என்பதையும், இன்ன சாதியான் வீட்டிலே தண்ணீர் குடிக்கலாகாது என்பதையும் பிள்ளை செவியேற்கிறது. எல்லாளன் மணிக்கயிறு அம்மக்கள் கைக்கு எட்டாத உயரத்திற் கட்டப்பட்டுவிட்டது. தன்னினத்தாருள் ஒரு பகுதியினரைத் தாழ்த்திக்கொண்டே பிற இனத்தார் தன்னைத் தாழ்த்துவதைப் பற்றி முறையிடும் பிள்ளை, இரண்டு கட்டில்களையும் அறியாத பிள்ளையே.

கதையைச் சுருக்கியதால் இரு திறத்தாரும் இழந்தவை பல. துட்டகைமுனுவின் பத்து வீரருள் ஒருவன் நந்திமித்திரன். அவன், எல்லாளனின் படைத்தலைவன் மித்தன் என்பானுடைய சகோதரியின் மகன். மாமன் பெயரையே தாங்கியவன். தவழும் பருவத்தில் வெகுதூரம் ஊர்ந்து சென்றுவிடுவானென்று இடுப்பில் வார் கட்டி அம்மிபோன்ற ஒரு பெருங்கல்லிற் பிணைத்து வைப்பார்களாம். அவன் கல்லையும் இழுத்துக்கொண்டு வாயிற்படியைக் கடக்கையில் வார் அறுந்துபோகுமாம். பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிடச் சுவையான கதை வேண்டுமா? இதிலே மாமன் ஒரு படையிலும் மருமகன் மறு படையிலும் இருந்த செய்தி மறைக்கப்படாமல் உள்ளது. துட்டகைமுனு வென்ற தமிழ் மன்னர் 32 பேர் என்று நூல் கூறுவதிலிருந்து, நாடு முழுவதும் எல்லாளன் ஒருவன் கையில் இருந்ததில்லை என்று ஆர்.ஏ.எல்.எச். குணவர்தன போன்ற வரலாற்றறிஞர் காட்டியுள்ளனர். இக்காலத்து இனவேற்றுமையை அக்காலத்தின்மேல் ஏற்றுதல் பிழை என்பது 1979இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம். தமிழரோடு பொருமுன் துட்டகைமுனு தன் தம்பியோடே பொருதான் என்பதும், அப்போரிற் பல்லாயிரவர் மடிந்தனர் என்பதும் 24ஆம் அதிகாரம். இரண்டாங் கவளத்தை உண்டு உறுதி சொன்னவர்கள் அவ்விருவருமே. தமிழரோடு பொருவதற்கு ஒப்பாத தந்தைக்குப் பெண்கள் அணியும் அணிகலனை அனுப்பி இகழ்ந்ததனாலேயே ‘துட்ட’ என்னும் அடை அவன் பெயரில் ஒட்டியது. பிறரைச் சிறியராக்கித் தன்னைப் பெரியனாக்கக் கற்ற பிள்ளை முதலிற் சிறியனாக்கியது தன் தந்தையை.

ஆயினும் மூலநூலை முற்றாகப் புகழ்தற்கும் இயலாது. போர் முடிந்தபின் அரசனுக்கு உறக்கம் வரவில்லை; தான் செய்த பெருங்கொலையை எண்ணி வருந்துகிறான். அவனைத் தேற்ற வந்த அருகதர், உண்மையிற் கொல்லப்பட்டவர் ஒன்றரை மனிதரே என்று கணக்கிடுகின்றனர். ஒருவன் மும்மணிகளைச் சரணடைந்தவன். மற்றவன் ஐந்து சீலங்களையும் ஏற்றவன். ஏனையோர் விலங்கை ஒப்பர் என்பது அவர் கூற்று. இவ்விடத்திற் புலவர் தம் கலையையும் தம் சமயத்தையும் ஒருங்கே கைவிட்டார் என்று துணிந்து கூறலாம். ஒரு பசுக்கன்றுக்கு ஈடாக இளவரசனை வைத்த கை, 4 அதிகாரங்களுக்குப் பின் ஆயிரக்கணக்கான மனிதரை விலங்கோடு வைக்கின்றது. அரசனின் வருத்தம் உண்மையாக இருக்கிறது. ஆறுதலோ பொய்யாக இருக்கிறது. ‘அந்த அரை மனிதன் யார்?’ என்று ஒரு பிள்ளை கேட்டால் ஆசிரியர் என்ன விடை கூறுவார்? 2017ஆம் ஆண்டு மியன்மார் நாட்டிலே சிதகு சயாதோ என்னும் மூத்த பிக்கு படையினர் முன் ஆற்றிய உரையில் இக்கணக்கையே எடுத்துரைத்தார். பதினைந்து நூற்றாண்டுகளாக ஒரு வாக்கியம் உறங்காமல் இருக்கிறது.

நம் நாட்டிலும் கதைமாந்தர் வகுப்பறையோடு நின்றுவிடவில்லை. 1962இல் தோற்றுவிக்கப்பட்ட படைப்பிரிவுக்குக் கைமுனுவின் பெயர் இடப்பட்டது. 2007 ஒக்ரோபர் 22இல் அநுராதபுரம் வான்படைத் தளத்தின்மீது விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலுக்கு எல்லாளன் பெயர் சூட்டப்பட்டது. இருபுறத்தும் நின்றவர் இருபது வயது இளைஞர். அப்பெயர்களை அவர்கள் முதன்முதற் கேட்டது போர்க்களத்திலன்று.

இக்காரணங்களால் துட்டகைமுனு கதையைப் பாடத்திலிருந்து அகற்றிவிடவேண்டும் என்பாருமுளர். நல்லெண்ணத்தாற் கூறப்படும் இக்கருத்து பயன்படாது. பாடநூலில் இல்லாவிடினும் கதை பூங்காவிலும் பேருந்திலும் பாட்டியின் மடியிலும் இருக்கும். அங்கே அது இன்னும் குறுகியதாக இருக்கும். மற்றொரு சாரார், தமிழ் வகுப்புக்கு எல்லாளனையும் சிங்கள வகுப்புக்குக் கைமுனுவையும் தனித்தனியே விரித்துரைத்தல் போதும் என்பர். அது இன்றிருக்கும் நிலையை அச்சேற்றுவதாகும். 21ஆம் அதிகாரம் முதல் 25ஆம் அதிகாரம் வரை ஒன்றும் விடாமல், அதே பக்கத்தில், அதே சொற்களில், இரு மொழியிலும், இரு வகுப்புக்கும் கொடுத்துப் பார்த்தவர் இதுவரை எவருமிலர். மூன்று கவளங்களும் இருக்கட்டும், மணிக்கயிறும் இருக்கட்டும், நந்திமித்திரனின் மாமனும் இருக்கட்டும், ஒன்றரை மனிதர் கணக்கும் இருக்கட்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அவற்றை எடைபோடும் ஆற்றல் இல்லை என்பது ஆசிரியர் தம் அச்சத்துக்கு இட்ட பெயர். பள்ளிப் பிள்ளைகள் நியாயம் அநியாயம் என்பதில் எத்துணைக் கூர்மையர் என்பதை விளையாட்டு மைதானத்திற் சற்று நேரம் நின்றவர் அறிவர்.

அவ்வாறு கொடுக்குமிடத்து, 25ஆம் அதிகாரத்தில் எல்லாளன் வீழ்ந்த பின்னுள்ள பகுதியைச் சுருக்காமல் விடுதல் நன்று. அநுராதபுரத்துத் தெற்கு வாயிலருகே தனிப்போரிற் பகைவனைக் கொன்ற துட்டகைமுனு, சுற்றுப்புறத்து மக்களையெல்லாம் பறையறைந்து கூட்டி, வீழ்ந்த இடத்திலேயே முழு மரியாதையோடு உடலை எரித்து, நினைவுச் சின்னம் அமைத்து, அதற்கு வழிபாடு நடத்துவித்தான். அவ்விடத்தைக் கடக்கும் அரச குமாரர் தம் வாத்திய ஒலியை நிறுத்தும் வழக்கம் தம் காலத்திலும் இருந்ததாக மகாநாமர் எழுதுகிறார். எல்லாளன் சமாதியென மக்கள் நெடுங்காலம் கருதிய மேட்டைப் பிற்காலத் தொல்லியலார் தக்கிண தூபி என இனங்கண்டனர். அம்முடிபை மறுத்து ஜேம்ஸ் தி. இரத்தினம் 1981இல் ஒரு நூல் எழுதினார். அவ்வழக்கு ஆராய்ச்சியாளருக்குரியது.

1818ஆம் ஆண்டில் ஆங்கிலேயருக்கெதிரான கிளர்ச்சி முறியடிக்கப்பட்டபின், கண்டியின் மிகப் பழைய குடும்பத் தலைவரான பிலிமத்தலாவை அநுராதபுரத்தின் வழியாகத் தப்பியோடினார். உடல் தளர்ந்து, நடக்க வலியற்றவராய்ச் சிவிகையில் தூக்கிச் செல்லப்பட்டவர், எல்லாளன் சமாதி அணித்தே இருக்கிறது என்று அறிந்ததும் சிவிகையிலிருந்து இறங்கினார். சமாதி சரியாக எவ்விடத்தில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. ஆகையால் அதனைக் கடந்துவிட்டோம் என்று உறுதியாகும் வரையும் நடந்தே சென்றார்.